நீலகிரியிலோ பழனி மலையிலோ சென்று பார்க்கக்கூடிய ஒயின் ஆலை இருக்கிறதா?

வடவள்ளி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புணேயில் வசிக்கும் என் நாத்தனாரும் அவருடைய கணவரும் டிசம்பர் கடைசி வாரத்தில் கோவை வடவள்ளியில் உள்ள எங்கள் வீட்டிற்கு வருகிறார்கள். சென்ற ஆண்டு நாங்கள் அங்கே போயிருந்தபோது எங்களை நாசிக்கில் உள்ள சூலா ஒயின் ஆலைக்கு அழைத்துச் சென்றார்கள். திராட்சை வந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, உயரமான எஃகுத் தொட்டிகள், ஓக் மரப் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த அறை என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, கடைசியில் நான்கைந்து கோப்பைகளில் இரண்டிரண்டு மிடறு ஊற்றிக் கொடுத்து, எதில் என்ன மணம் தெரிகிறது என்று கேட்டார்கள். குடிக்கும் பழக்கம் இல்லாத எனக்கே அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. மாடத்தில் வந்து நின்றால் திராட்சைத் தோட்டமும் அதற்கு அப்பால் அணை நீரும் தெரிந்தன.

இப்போது நாத்தனார், "உங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தாலே மலை தெரிகிறதே, ஊட்டிப் பக்கம் இதைவிட அழகான ஆலை மலை உச்சியிலேயே இருக்குமே" என்று தொலைபேசியில் கேட்டார். நானும் விசாரிக்காமல், "இருக்கும், போகலாம்" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு தேடிப் பார்த்தால், 'ஹோம்மேட் ஒயின்' என்று பலகை மாட்டிய கடைகளின் படங்கள்தான் வருகின்றனவே தவிர, ஆலை ஒன்றும் அகப்படவில்லை.

நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கத்திலோ அப்படி ஓர் இடம் உண்டா? எங்களுடன் எழுபத்தொரு வயதான மாமியாரும், ஒன்பது மற்றும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் வருவார்கள். மாமியாருக்கு மதுவின் வாடையே ஆகாது. எங்களிடம் இரண்டு நாட்கள்தான் இருக்கின்றன. நான் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் தேயிலைக்காரர் எழுதியது:

வணக்கம், சகோதரி. முப்பத்தோர் ஆண்டுகள் தேயிலை ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டமும் ஆலையும் சுவைக்கூடமும் சேர்ந்த ஒயின் ஆலை எதையும் இந்த மலையில் நான் கண்டதில்லை. நீங்கள் எந்த மூடுபனியைப் பார்க்க மலையேறி வருகிறீர்களோ, அந்த மூடுபனியே திராட்சைக்கு முதல் பகை.

திராட்சை இலை நீண்ட நேரம் ஈரமாகக் கிடந்தால் அடிச்சாம்பல் நோய் பற்றிக்கொள்ளும்; பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். நாசிக்கில் செப்டம்பருக்குப் பிறகு பருவமழை ஓய்ந்துவிடுவதால், அப்போது கவாத்து செய்த, அதாவது கிளை வெட்டிவிட்ட கொடியில், வெயில் தெளிந்த பகலும் குளிர்ந்த இரவுமாகக் கழியும் மாதங்களில் பழம் இனிப்பேறி, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே அறுவடைக்கு வருகிறது. எங்கள் மலையிலோ ஜூனில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்கிறது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. நாசிக் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இந்தக் குளிரில் பழத்தில் சர்க்கரை ஏறுவதே கடினம். மண்ணும் ஒத்துவராது, தேயிலை கேட்கும் அமிலத்தன்மை மிகுந்த மண்ணைத் திராட்சை விரும்புவதில்லை. நந்தி மலையின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் குரோவர் ஒயின் ஆலைகூட உச்சியில் இல்லை, கீழே தொட்டபள்ளாபுரத்தில்தான் இருக்கிறது. மலை உச்சியில் ஒயின் ஆலை என்பது நம் பக்கத்துப் பருவமழைக்குப் பொருந்தாத ஆசை.

அதற்காக இந்த மலையில் மதுவே காய்ச்சப்படவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே பீர் ஆலை இருந்தது. 1915இல் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புருவரீஸ் நிறுவனத்தை உருவாக்கியபோது நீலகிரியின் ஆலையும் அதில் சேர்ந்தது. பீருக்கு வேண்டிய தானியத்தை எந்த ஊரிலிருந்தும் மூட்டையில் ஏற்றி வரலாம், குளிர் மட்டும் மலையில் இலவசமாகக் கிடைத்தது. ஒயினுக்கு அந்த வசதி கிடையாது. பறித்த பழம் நசுங்கிப் புளிப்பதற்குள் தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் தோட்டம் எங்கேயோ ஆலையும் அங்கேயேதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பறித்த அன்றே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டிய வேறொரு பயிர் இந்த மலையில் இருக்கிறது. நாத்தனாரைத் தேயிலை ஆலைக்கு அழைத்து வாருங்கள். நாசிக்கில் அவர் உங்களுக்குக் காட்டியவை அனைத்திற்கும் இங்கே ஒரு சோடி உண்டு, மாமியாரும் பிள்ளைகளும் கூடவே வரலாம்.

கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்திப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாட்டுவோம். விடியற்காலையில் கொழுந்து வாட்டும் மாடத்துக்குப் போனால் பழக்கூடைக்குள் முகத்தை வைத்தது போன்ற மணம் அடிக்கும். வாடிய இலையைக் கைப்பிடியாக எடுத்து இறுக்கினால் ஒடியாமல் துணி போலச் சுருண்டு நிற்கும். அதற்குப் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை உருட்டி முறுக்குவார்கள். சி.டி.சி. முறையில், வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல் உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு குருணையாக விழும். நம் வீட்டுத் தேநீர் பெரும்பாலும் இந்தக் குருணைதான்.

அடுத்த கட்டத்தை ஆலையில் 'ஃபெர்மென்டிங்' என்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாத்தனாருக்கு ஒயின் நினைவு வரும், ஆனால் நடப்பது வேறு. ஒயினில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிறது. தேயிலையில் ஈஸ்டுக்கு வேலையே இல்லை. நசுங்கிய இலையின் சாறு காற்றைச் சந்திக்க, இலையிலேயே இருக்கும் நொதிகள் அதன் நிறத்தையும் மணத்தையும் மாற்றுகின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வேலைதான். பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் ஏறும்போது சரியான நொடியில் நிறுத்த வேண்டும். முந்தினால் பச்சை வாடை போகாது, பிந்தினால் தேநீர் உயிரற்றுப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார், குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை உயர்த்துவார். உடனே எல்லாவற்றையும் உலர்த்திக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே ஈரம் மூன்று விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும்.

பார்வையாளர்களை அனுமதிக்கும் ஆலைகளில் ஊட்டி தொட்டபெட்டா சாலையில் உள்ள தேயிலை ஆலையும் அருங்காட்சியகமும், குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே உள்ள ஹைஃபீல்டு ஆலையும் பலருக்கும் தெரிந்தவை. நேரத்தை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையம் பயணி எழுதியது:

ஐயா தேயிலை ஆலைகளைப் பற்றிச் சற்றுப் பெருமையாகவே எழுதிவிட்டார். பார்வையாளர்களுக்கென்று திறந்து வைத்திருக்கும் ஆலைகள் பலவற்றில் பத்து நிமிடம் கண்ணாடிக்குப் பின்னால் நடத்திவிட்டு, ஏலக்காய்த் தேநீரைச் சிறு கோப்பையில் கொடுத்து, சாக்லேட் கடை வழியாக வெளியேற்றிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

'ஹோம்மேட் ஒயின்' பற்றி அம்மா குறிப்பிட்டிருப்பதால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மலையிலுள்ள ஒரு கடையில், பிளம்ஸ் பழத்தில் செய்தது என்று சொல்லி விற்ற ஒரு பாட்டிலை வாங்கி, காரின் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பர்லியாறு தாண்டி வெக்கை ஏறத் தொடங்கியதும் பின்னால் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். மூடி கூரையில் மோதி, சட்டை, இருக்கை, பிள்ளைகளின் பை எல்லாம் சிவப்பாகிவிட்டன. இனிப்பு மீதமிருக்க, ஈஸ்ட் சாகாமல் பாட்டிலில் அடைத்ததால் அது உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. மலைக்குளிரில் அடங்கிக் கிடந்தது, கீழே சூடு கண்டதும் வாயுவாகப் பொங்கிவிட்டது. மேட்டுப்பாளையத்தில் சோதனைக்கு நிறுத்திய காவலரிடம் கார் முழுக்க வீசிய வாடைக்கு விளக்கம் சொன்ன கதை தனி.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அப்படியல்ல. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் குற்றம். வீட்டில் செய்தது, பழத்தில் செய்தது என்பதெல்லாம் விலக்கு ஆகாது. அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்தச் சீட்டும் கிடையாது. விருந்தினருக்கு ஒயின் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மதுக்கூடம் உள்ள விடுதியில் கேட்கலாம். டாஸ்மாக் கடையில் வாங்கினால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். யானைகள் நடமாடும் காட்டில் கண்ணாடிச் சில்லு சேராமல் இருக்க உயர் நீதிமன்றம் சொல்லி, 2022இல் முதலில் நீலகிரியில்தான் இந்த முறை தொடங்கியது.

மலைப்பழத்தின் சுவைதான் வேண்டும் என்றால் குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழவியல் நிலையம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் ஜாமும் ஸ்குவாஷும் காரில் வெடிக்காது.

சுருளிப்பட்டிப் பந்தல் எழுதியது:

வணக்கம். திராட்சை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது.

குன்னூர் ஐயா சொன்னது போல மலை மேல் திராட்சை வராது; ஆனால் மலையின் காலடியில் வரும். நீங்கள் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தால், பழனி மலையின் தென்விளிம்பில் நின்று பெரியகுளம், தேனிப் பக்கத்துச் சமவெளியைப் பார்க்கலாம். அந்தச் சமவெளி வழியாகத் தென்மேற்கே நீண்டு, மலைகளுக்கு நடுவே புகும் பள்ளத்தாக்குதான் எங்களுடையது. தென்மேற்கு மழையின் பெரும்பகுதியை மேற்குமலை வாங்கிக்கொள்ள, எங்களுக்குக் காற்றும், முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும், வெயிலும் கிடைக்கின்றன.

நாசிக்கில் ஒயின் திராட்சையை வேலி போல வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், நடுவே நிமிர்ந்து நடக்கலாம். எங்கள் ஊரில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போடுகிறோம். உள்ளே போக வளர்ந்தவர்கள் குனிய வேண்டும், பிள்ளைகள் நிமிர்ந்தபடி போகலாம். கொத்துகள் தலைக்கு மேலே தொங்கும். நாசிக்கில் ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்தாலும் ஒரு முறைதான் பழம் எடுப்பார்கள். எங்கள் பன்னீர் திராட்சை ஒவ்வொரு கவாத்துக்கும் ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழுத்துவிடும் என்பதாலும், ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் கவாத்து செய்வதாலும், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பன்னீர் என்று நாங்கள் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதிலிருந்து ஒயினும் செய்யலாம். முகர்ந்தால் பழத்தின் மணம் அப்படியே நிற்கும். ஆனால் சிவப்பு ஒயினுக்கென்றே வளர்க்கும் ஷிராஸ், கபர்னே வகைகளுக்குச் சிறிய பழமும் தடித்த தோலும் உண்டு. நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகின்றன. எங்கள் பழம் கடித்தவுடன் சாறாக வழிவது, தின்பதற்காக வளர்ந்தது. ஒயின்காரர் கண்ணில் அது குறையாகத் தெரியலாம், வண்டியில் கூடை வைத்து விற்பவருக்கு அதுவே வரவு.

சுருளி அருவிக்குப் போகும் சாலையில் உள்ள தோட்டங்களில் பார்வையாளர்களை உள்ளே விடுகிறார்கள். போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கொத்தைத் தொடும் முன், மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். கேட்டால் எந்த விவசாயியும் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்காமல் பறித்துப் பிள்ளை வாயில் வைத்தால்தான் எங்களுக்கு நெஞ்சு பதறும். கோவையிலிருந்து இரண்டு நாளில் கொடைக்கானலும் கம்பமும் சேர்த்துப் போவது பெரியவர்களுக்குச் சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. தேயிலைத் தோட்டத்திலும் கவாத்து என்றுதான் சொல்வீர்களா?

வடவள்ளி வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். இரண்டு நாளுக்குக் குன்னூர்தான் என்று முடிவாகிவிட்டது. சுருளிப்பட்டி அண்ணனின் பந்தலைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறோம். நாத்தனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஒயின் இல்லாவிட்டால் போகட்டும், அந்தக் கோப்பைகளை வரிசையாக வைத்துச் சுவைப்பது மட்டுமாவது உண்டா?" என்று கேட்கிறார். மேட்டுப்பாளையம் நண்பர் எழுதியதைப் பார்த்தால் ஏலக்காய்த் தேநீரோடு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறதே. எந்தக் கிழமை வந்தால் நல்லது, இ-பாஸ் எங்களுக்கும் வேண்டுமா என்பதையும் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்னூர் தேயிலைக்காரர் எழுதியது:

சுருளிப்பட்டித் தம்பிக்கு முதலில்: ஆம், நாங்களும் கவாத்து என்றுதான் சொல்கிறோம். நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை வெட்டாவிட்டால் தேயிலை மரமாகிவிடும். பறிக்கிறவர் கைக்கு எட்டாது.

சாக்லேட் கடை பற்றி மேட்டுப்பாளையம் நண்பர் சொன்னதை மறுக்க மாட்டேன். கூட்டம் குறைவான காலை நேரத்தில் போய், "பால் சேர்க்காமல், ஆர்த்தடாக்ஸ் ஒன்றும் சி.டி.சி. ஒன்றும் தனித்தனியாகக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் மகிழ்ந்து காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கிழமையைப் பொறுத்தவரை, ஞாயிறு கொழுந்து பறிக்காத தோட்டங்களின் ஆலையில் திங்கள் காலை இயந்திரம் ஓடாது. செவ்வாய் முதல் சனி வரை வாருங்கள். இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூரிலிருந்து வரும் சுற்றுலா வண்டிகளுக்கு அது கட்டாயம், நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆண்டிறுதியில் நெரிசல் மிகும் என்பதால் முன்னதாகவே பதிந்துவிடுங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எஃகுப் பாத்திரம் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் இங்கே தடை.

நீங்கள் வரும் மாதமும் நல்ல மாதம். டிசம்பர் இறுதியில் மழை குறைந்து, ஊட்டிப் பள்ளங்களில் உறைபனி விழத் தொடங்கும். பனி விழுந்த இடத்தில் கொழுந்து கருகிவிடும் என்பதால் சிறு விவசாயிகள் தாகைச் செடிகளை வெட்டிவந்து தேயிலையை மூடி வைப்பார்கள். கருகாமல் தப்பிய கொழுந்து குளிரில் மெதுவாக வளர்வதால் அதற்கென்று ஒரு மணம் சேர்கிறது. பனிக்காலத் தேயிலை என்று கேட்டு வாங்குங்கள். கனி வாசனையும் பூ வாசனையும் கலந்த அதைப் பாலில் கொதிக்கவிடுவது பெரும் பாவம். 2006இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. அந்த விலையைக் கேட்டுவிட்டு, பச்சைத் தேயிலைக்கு இங்கே விவசாயிக்குக் கிடைக்கும் விலையைக் கேட்டால் தேநீர் கசக்கும் என்பதால் அதற்குள் நான் இப்போது போகவில்லை.

நாத்தனார் கேட்ட கோப்பை வரிசையை விடுதி அறையிலேயே நீங்கள் அமைக்கலாம். மூடியுள்ள ஒரே அளவான கிண்ணங்கள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மில்லிலிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராம் தூள் என்பதும், ஆறு நிமிடம் மூடி வைப்பதும் தேயிலைச் சுவைப்புக்கென்று வகுத்த சர்வதேசத் தர அளவு. குருணையாக ஒன்று, முறுக்கிய இலையாக ஒன்று, பனிக்கால இலை ஒன்று என்று வைத்து, கொதிநீரை ஊற்றி, ஆறு நிமிடம் கழித்து வடித்து, வெந்த இலையைக் கிண்ணத்தின் மூடியில் கவிழ்த்து வையுங்கள். முதலில் இலையை முகருங்கள்; அதன் பிறகு கரண்டியில் எடுத்து, வெட்கப்படாமல் சத்தத்தோடு உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் வரை ஏறும். ஒயின் சுவைப்பவர்களும் வாயில் காற்றை இழுத்துக் கொப்பளிப்பார்கள் என்பதை நாத்தனார் பார்த்திருப்பார். அவர்களைப் போலவே நாங்களும் துப்பிவிடுவோம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பை சுவைத்துவிட்டு எதையும் விழுங்காமல் வீட்டுக்குப் போய், மனைவி போட்ட பால் தேநீரைக் குடித்த காலம் உண்டு.

ஈறு இறுகுவது போலச் சுறுசுறுவென்று ஒரு கடுப்பு தெரிகிறதா, நாக்கில் கனமாக நிற்கிறதா, விழுங்கிய பின்னும் மணம் திரும்பி வருகிறதா என்று மூன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சரியாகச் சொல்வார்கள். மாமியாரை நடுவராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. குன்னூரின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோவையில் அது 98ஐத் தாண்டும். இங்கே வாங்கிய தூள் வடவள்ளியில் சற்றுக் கடுப்பாக இறங்கினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம், ஆறு நிமிடத்தை ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள்.